கயிற்றைப் பிடிக்கும் கை

குதிரையின் மேல் ஏறாமல், தலைக்கயிற்றைக் கையில் பிடித்து, நடுவர் முன் நிறுத்தியும் நடத்தியும் சிறு ஓட்டம் ஓட்டியும் காட்டுகிற போட்டி ஒன்று உண்டு. இளங்குதிரைகளுக்கு இதுதான் முதல் அரங்கம். முதுகில் சேணம் ஏறும் வயது வருவதற்கு முன்பே அவற்றின் உடலமைப்பும் நடையும் குணமும் இங்கேதான் மதிப்பிடப்படுகின்றன. விலங்கு நடத்தையியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், கடந்த மூன்று குளிர்காலங்களை ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களில், மார்வாரிக் குதிரைகளின் லாயங்களில் கழித்தேன். அங்கே கண்ட ஒன்றைப் பற்றி நெடுநாள் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் சரியன்று என்று இப்போது நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

வட இந்தியாவின் குதிரைச் சந்தைகளை அறியாத நண்பர்களுக்காகச் சில விவரங்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிப் புஷ்கரிலும், தத்த ஜெயந்தியை ஒட்டி மகாராஷ்டிரத்தின் தாப்தி ஆற்றங்கரையிலுள்ள சாரங்கேடாவிலும், ஜனவரியில் மாகி திருவிழாவின்போது பஞ்சாபின் முக்த்சரிலும் பெருஞ்சந்தைகள் கூடுகின்றன. சந்தைகளை ஒட்டியும் தனியாகவும் இனக்காட்சிப் போட்டிகள் நடக்கின்றன. குட்டிகளை அங்கே பெரும்பாலும் பல்லைக் கொண்டே வகைப்படுத்துகிறார்கள். பால்பல் விழாதவை 'அதந்த்'. முன்பற்களில் நடு இணை விழுந்து நிலைப்பல் முளைத்தவை 'தோ தந்த்'. முதல் இணை ஏறத்தாழ இரண்டரை வயதில் மாறும், அடுத்தது மூன்றரையில், கடைசி இணை நாலரையில். பிறப்புச் சான்று இல்லாத விலங்குக்கு வாயே சான்றிதழ்.

இந்தப் போட்டிகளைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2012-இல் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த இந்தியக் குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை, 2019-இன் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சரிந்தது. ஏழே ஆண்டுகளில் 45 விழுக்காட்டுக்கும் மேலான வீழ்ச்சி. படை, வண்டி, ஜாகிர் நிலம் என்று குதிரையைத் தாங்கிய ஒவ்வொன்றும் போனபின், மார்வாரி போன்ற இனத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் பொருளாதார ஆதாரங்களில் திருமண ஊர்வலம், சுற்றுலா ஆகியவற்றோடு காட்சிக் களமும் முக்கியமானது. களத்தில் எது பரிசு பெறுகிறதோ அதற்கு விலை ஏறும்; விலை ஏறுவதே அடுத்த ஆண்டு இனச்சேர்க்கைக்குப் போகும். எனவே நடுவரின் மதிப்பெண் அட்டை நடைமுறையில் ஓர் இனத்தின் எதிர்காலத் திட்டமாகிவிடுகிறது.

அந்த அட்டையில் எது எடை பெறுகிறது? உயரம், கழுத்தின் வளைவு, உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காதுகள், நிறம். இவற்றோடு எழுதப்படாத ஓர் அட்டையும் உண்டு. அதில் சுழிகள் இருக்கின்றன. மாட்டுச் சந்தை தெரிந்த தமிழர்களுக்குச் சுழி பார்ப்பதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்ட, நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரமும் இந்த மரபைச் சேர்ந்ததே. மார்வாரில் சுழியை 'பௌரி' என்கிறார்கள். தொண்டைப் பகுதியில் அமையும் 'தேவமன்' நன்மை தரும். கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழியும் இடத்தில் சுழி இருந்தால் ஆகாது. நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெண்மை இருந்தால் 'பஞ்ச கல்யாண்'. முழுக் கறுப்பு சிலருக்குக் கெட்ட சகுனம். இந்த நம்பிக்கைகளைக் கேலி செய்வது என் நோக்கமன்று. ஒரு குட்டி பிறந்த அன்றே முடிவாகிவிடும் குறிகளுக்கு இவ்வளவு எடை கொடுத்த பிறகு, அது எப்படி வளர்க்கப்பட்டது, யாரால் பழக்கப்பட்டது, மனிதரை எப்படி ஏற்கிறது என்பவற்றுக்கு எவ்வளவு எடை எஞ்சுகிறது என்பதே என் கேள்வி.

நான் தங்கியிருந்த லாயமொன்றில் ஓர் இளம் பெண்குதிரை இருந்தது. இருபது மாதம், அதந்த் வகை. அதைப் போட்டிக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு அறுபதை நெருங்கிய சயீஸ் ஒருவரிடம் இருந்தது. அவரை நான் 'காகாசா' என்று அழைத்தேன். அவர் என்னை 'டாக்டர் சாப்' என்றார். நான் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவன். அவர் பள்ளிக்குப் போகாதவர். எட்டு வாரம் அவர் செய்த வேலையை நான் நாள்தோறும் குறித்துவைத்தேன்.

முதல் வாரம் அவர் குட்டியை எங்கும் நடத்தவில்லை. கையால் உடல் முழுவதும் தடவினார். காதடி, வயிற்றடி, தொடையின் உள்பக்கம் என்று அது கூசும் இடங்களை ஒவ்வொன்றாகப் பழக்கினார். நான்கு குளம்புகளையும் தூக்கிச் சில நொடி வைத்திருந்து, அது இழுக்கும் முன்பே தானே இறக்கிவிட்டார். இரண்டாம் வாரம் மெல்லிய பருத்தித் தலைக்கயிறு. கயிற்றை லேசாக முன்னே இழுப்பார். குட்டி ஓர் அடி எடுத்துவைத்த அதே நொடியில் கையைத் தளர்த்துவார். கற்றல் கோட்பாட்டில் அழுத்தத்தை விலக்குவதால் நிகழும் வலுவூட்டல் என்று நாம் வகுப்பில் எழுதிப் போடுவது இதைத்தான். இழுப்பு வெறும் கேள்வி மட்டுமே. குதிரைக்குப் பாடமாவது தளர்வு. தளர்வு அரை நொடி தாமதித்தாலும் பாடம் மங்கிவிடும். அவர் கை தாமதிக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் முதல் நிற்கப் பழக்கினார். நடுவர் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது நான்கு கால்களும் தெரிய வேண்டும். ஒன்றை மற்றொன்று மறைக்கக் கூடாது. குட்டியின் காலைத் தட்டி நகர்த்தாமல், தலையைச் சற்றே திருப்பி, உடல் எடையை ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கக் காலைத் தானே நகரச் செய்தார். பிறகு நேர்கோட்டில் நடை, நேர்கோட்டில் மெல்லோட்டம். ஒரு நாளும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஐந்தாம் வாரம் மேளக்காரர் ஒருவரைத் தொலைவில் அமர்த்தி வாசிக்கச் சொல்லி, நாளுக்கு நாள் அருகே அழைத்தார். லாரிப் பலகையில் ஏறப் பழக்குவதற்கு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். என்னிடம் அவர் கேட்ட உதவி இரண்டுதான்: கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை உரிய காலத்தில் செய்வித்தல், வில்வாத நோய்த் தடுப்பூசியைச் சரிபார்த்தல். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் உயிர்க்கொல்லி. கூட்டமாகக் குதிரைகள் சேரும் இடத்துக்குப் பரிசோதிக்காமல் ஒன்றைக் கொண்டுபோவது மற்ற எல்லாவற்றுக்கும் இழைக்கும் தீங்கு.

தீவன விஷயத்தில் மட்டும் அவர் சொல் எடுபடவில்லை. காட்சிக்கு முன் குட்டி 'நிறைந்து' தெரிய வேண்டும் என்பது உரிமையாளர் வீட்டின் கட்டளை. கொண்டைக்கடலை, பார்லி, வெல்லம், நெய் எல்லாம் ஏறின. வளரும் எலும்பின் நுனியிலுள்ள குருத்தெலும்புத் தகடுகள் இந்த வயதில் பலவிடங்களில் இன்னும் மூடியிருப்பதில்லை. முன்கால் முட்டிக்கு மேலேயுள்ளது இரண்டு வயதுக்குப் பிறகே மூடும், முதுகெலும்பில் உள்ளவை அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. மிகையான மாவுச்சத்தும் மிகையான எடையும் அந்தத் தகடுகளையும் மூட்டுகளையும் கெடுக்கும். குளம்புக்குள் அழற்சியும் வரலாம். கொழுப்பை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிட ஹென்னெக்கும் சக ஆய்வாளர்களும் 1983-இல் தந்த அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்; அதில் ஐந்து நடுநிலை. போட்டி நாளன்று அந்தக் குட்டிக்கு நான் தந்த மதிப்பெண் எட்டு. எழுதிவைத்தேன். உரிமையாளரிடம் சொல்லவில்லை. விருந்தினனாக இருப்பவன் எப்படிச் சொல்வது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இனி, மனிதன் தன்னை ஆயத்தம் செய்துகொள்வதைப் பற்றி. ஆறாம் வாரத்தில் ஒரு காலை, என்னிடம் கயிற்றைத் தந்து நடத்தச் சொன்னார் காகாசா. பத்தடி போவதற்குள் குட்டி பக்கவாட்டில் துள்ளியது. மறுபடி முயன்றேன், மறுபடி துள்ளியது. நான் செய்த பிழைகளை அவர் எண்ணிச் சொன்னார். கயிற்றின் மிச்சத்தைக் கையில் சுற்றியிருந்தேன். குதிரை ஓடினால் விரலோடு போகும். தோளுக்கு நேராக நடக்காமல் முன்னால் போய்த் திரும்பிக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே நிற்பவரைக் கண்டால் குதிரை நின்றுவிடும். கடைசியாகச் சொன்னது வேறு வகையானது: "டாக்டர் சாப், நீங்கள் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அவளும் விட்டுவிடுவாள்."

இதை நாட்டுப்புற ஞானம் என்று புகழ்ந்து அலமாரியில் வைத்துவிட வேண்டாம். சோதித்தறிந்த உண்மையும் இதுவே. 2009-இல் வெளியான ஒரு சுவீடிய ஆய்வில் லிண்டா கீலிங்கும் சக ஆய்வாளர்களும், மனிதர்களைக் குதிரைகளோடு ஒரே பாதையில் நான்கு முறை போகச் செய்தனர். நான்காம் முறைக்கு முன், குதிரை கடக்கும்போது குடை ஒன்று விரிக்கப்படும் என்று மனிதர்களிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது. உடனிருந்த குதிரையின் துடிப்பும் ஏறியது. இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பெர்லினில் 'புத்திசாலி ஹான்ஸ்' என்ற குதிரை கணக்குப் போடுவதாக ஊரே வியந்தது. கேள்வி கேட்பவர் தம்மை அறியாமல் காட்டிய மிகச் சிறிய உடலசைவைப் படித்தே அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-இல் நிறுவினார். நாம் மறைக்க நினைப்பதையும் குதிரை படிக்கிறது. ஆகவே போட்டிக்கான ஆயத்தத்தில் பாதி, கயிற்றைப் பிடிக்கும் மனிதரின் உடலில் நடக்க வேண்டியது. ஓட்டத்தில் மூச்சிரைக்காத உடல்வலு, வழுக்காத காலணி, குதிரையின்றி வெறுங்கயிற்றோடு செய்யும் ஒத்திகை, நடுவருக்கும் குதிரைக்கும் இடையே வந்து நிற்காத கவனம் ஆகியவற்றைப் பயிலலாம். ஒரு குறிப்பிட்ட விலங்கோடு எட்டு வாரம் கழித்ததால் வரும் அமைதியை அப்படிப் பயின்றுகொள்ள முடியாது.

போட்டி நாளன்று கயிறு காகாசாவின் கையில் இல்லை. தலைப்பாகையும் புதுச் செருப்புமாக உரிமையாளரின் மகன் அதை வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர்கள் இருந்தனர். பருத்திக் கயிறு அழகாக இல்லை என்று கழற்றப்பட்டு, அன்று காலைதான் முதன்முறையாக ஒரு முட்கடிவாளம் அந்தப் பால்பல் வாயில் ஏறியது. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் முள் பதித்த கடிவாளத்தை வெளிப்படையாகவே தடுக்கின்றன. துன்புறுத்தலைக் குற்றமாக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா விலங்குகளுக்கும் பொருந்தும். சுமை இழுக்கும் வாய்க்கு வலிப்பது காட்சிக்கு நிற்கும் வாய்க்கும் வலிக்கும்தானே?

அரங்கில் நுழைந்த குட்டி காகாசாவைத் தேடிக் கனைத்தது. மகன் கயிற்றை வெட்டி இழுத்தார். அது பின்னங்காலில் எழுந்தது. கூட்டம் கைதட்டியது, அந்தச் சந்தைகளில் குதிரை பின்னங்காலில் எழுவது கண்கவர் வேடிக்கை. கைதட்டலுக்கு அஞ்சி மீண்டும் எழுந்து, பக்கவாட்டில் விழுந்தது. முழங்கால் சிராய்த்து, வாயோரம் கிழிந்திருந்தது. காயத்துக்கு மருந்திட்டது நான்தான். மகனுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை, 'சரியாகப் பழக்கவில்லை' என்று காகாசாவின் அம்மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். எட்டு வாரக் குறிப்பேடு என் பையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் குட்டியைத் தரகர் ஒருவருக்கு விற்றார்கள். 'கோபக்காரி' என்ற பெயரும் அதனோடு போனது.

இது ஒரு வீட்டின் குறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஆயத்தம் செய்பவர் ஒருவர், காட்டுபவர் வேறொருவர் என்ற பிரிவினை பல லாயங்களில் இயல்பாக ஏற்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குதிரைக் கையேடுகள் 'உன்னையும் உன் குதிரையையும் தயார் செய்' என்று சொல்லும்போது, அந்த 'நீ' ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்கின்றன. இங்கே அந்த 'நீ' இரண்டாகப் பிளந்திருக்கிறது. உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றவருடையது. இந்தப் பிளவுக்குள் சாதியும் நிலவுடைமையும் இருக்கின்றன என்பதைச் சமூகவியல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: அந்தப் பிளவின் விலையைக் குதிரையும் கொடுக்கிறது. தனக்குத் தெரிந்த கையிலிருந்து தெரியாத கைக்கு, மிகவும் அஞ்சும் நேரத்தில், அது மாற்றப்படுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, கேட்டிருக்கிறேன். உரிமையாளர்களின் பெருமிதம்தானே இந்த இனத்தைக் காப்பாற்றியது என்பார்கள். உண்மை. வருமானமில்லாத ஆண்டுகளிலும் குதிரையை விற்காமல் வைத்திருந்த குடும்பங்கள் இல்லையென்றால் நான் ஆய்வு செய்ய ஒன்றும் எஞ்சியிருக்காது. அந்தப் பெருமிதத்தை யாரும் பறிக்க வேண்டாம். பரிசுக் கோப்பை அவர்களுடையதாகவே இருக்கட்டும். மார்வாரி சூடான இரத்தம், அடங்க இரும்பு வேண்டும் என்பார்கள். எட்டு வாரம் ஒரு பருத்திக் கயிற்றில் நடந்த குட்டியை நான் பார்த்தேன். அது எழும்பியது இரும்பு ஏறிய நாளில்தான். காட்சி என்பது தோற்றத்துக்கு, குணத்துக்கு அல்ல என்பார்கள். ஆனால் அங்கே வாங்கப்படும் குதிரை நாளை கல்யாணக் கூட்டத்தில் பட்டாசுக்கு நடுவே நிற்கப்போகிறது. அதன் மேல் ஒரு மணமகனோ குழந்தையோ அமரப்போகிறார்கள். வடக்கே இருந்து வரும் குதிரைகள் ஆடி மாதம் நம் அந்தியூர்ச் சந்தை வரை வந்து கைமாறுகின்றன. குணத்தைப் பாராத களம், வாங்குபவரையும் ஏமாற்றுகிறது.

நான் கேட்பவை பெரியவை அல்ல. இளங்குதிரை வகைகளில், மொத்த மதிப்பெண்ணில் கணிசமான ஒரு பங்கு, குதிரை அமைதியாகக் கையாளப்படுவதற்கு ஒதுக்கப்பட வேண்டும். பின்னங்காலில் எழுந்தால் மதிப்பெண் குறைய வேண்டும். நுழைவாயிலில் கால்நடை மருத்துவர் ஒருவர் பல்லைப் பார்க்கும்போதே வாயோரத்தையும் கடிவாளத்தையும் உடற்கொழுப்பையும் பார்க்க வேண்டும். முள் இருந்தால் உள்ளே விடக் கூடாது. குதிரையைப் பழக்கியவரே களத்தில் கயிற்றைப் பிடிக்க வேண்டும். அவர் பெயர் நுழைவுப் பட்டியலிலும் பரிசுச் சான்றிதழிலும் உரிமையாளரின் பெயருக்கு அடுத்த வரியில் அச்சாக வேண்டும். விதி மாறினால் வழக்கமும் மாறும் என்பதற்குச் சான்று உண்டு. முகத்தை மழுங்கலாகக் காட்டக் குதிரையின் மீசைமுடிகளை மழிப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அவை தொட்டறியும் உறுப்புகள் என்பதால், மழிக்கப்பட்ட குதிரைகளைத் தன் போட்டிகளில் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல் தடைசெய்தது. அதனால் போட்டிகள் நின்றுபோகவில்லை.

இறுதியாக, இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும். என் முதல் கட்டுரையின் நன்றியுரையில் நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறினேன். காகாசாவுக்கு 'லாயப் பணியாளர்கள்' என்ற இரு சொற்களுக்குள் இடம் தந்தேன். என் தரவுகளில் பாதி அவர் கை செய்தது. உரிமையாளரின் மகன் களத்தில் செய்ததை நான் தாளில் செய்திருக்கிறேன். ஆய்வேட்டில் அதைத் திருத்தியிருக்கிறேன். அவர் சம்மதத்தோடு அவர் பெயர், அவர் சொன்ன முறையில், அவருடைய பங்களிப்பு என்ற விளக்கத்தோடு இடம்பெறுகிறது. இங்கே மட்டும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவர் இன்னும் அதே லாயத்தில்தான் வேலை செய்கிறார், பொதுவெளியில் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நிறுத்தப்பட்ட சம்பளம் திரும்பக் கிடைக்கவில்லை. என் குறிப்பேட்டின் படியெடுப்பை, தாமதமாகத்தான் என்றாலும், உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

இந்தக் குளிர்காலம் காகாசாவிடம் ஒரு புதிய குட்டி வந்திருக்கிறது. பதினெட்டு மாதம், தொட்டால் நடுங்குகிறதாம். முதல் வாரம் கையால் தடவுவதோடு சரி என்று தொலைபேசியில் சொன்னார். போட்டிக்கு யார் கயிற்றைப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். அதை இன்னும் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார்.